மேக்பெத் நாடகத்தில் நன்மையும் தீமையும்: முதல்முறை படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' பாடத்தில் வந்துவிட்டால் பலர் முதலில் செய்வது ஒரு பட்டியல் போடுவது. இடப்பக்கம் நல்லவர்கள்: அரசர் டங்கன், பாங்க்வோ, மெக்டஃப், மால்கம். வலப்பக்கம் கெட்டவர்கள்: மேக்பெத், அவன் மனைவி, மூன்று சூனியக்காரிகள். கடைசியில் நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று எழுதி முடித்தால் பாஸ் மார்க் வந்துவிடும். நாடகம் மட்டும் கைக்கு வராது.

காரணம் இதுதான். இந்த நாடகத்தில் நல்லது எது என்பதை மிகத் தெளிவாகப் பேசுகிறவனே கொலைகாரன்தான். தான் செய்யப்போவது பாவம் என்று தெரிந்து, ஏன் பாவம் என்பதையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகுதான் மேக்பெத் கத்தியை எடுக்கிறான். அதனால் இந்தத் தலைப்பில் படிக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்கு எந்த இடத்தில் நல்லது தெரிந்திருந்தது, தெரிந்தும் அதை எப்படித் தாண்டிப் போனார்கள்? கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்காக.

முதலில் கதை

கதையைத் தெரிந்துகொண்டு படிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. இது திடுக்கிடும் முடிவை நம்பி நிற்கும் நாடகம் இல்லை.

ஸ்காட்லாந்தின் தளபதி மேக்பெத் போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். நீ அரசனாவாய் என்கிறார்கள். கூட வரும் பாங்க்வோவிடம், நீ அரசனாக மாட்டாய், உன் சந்ததி அரசாளும் என்கிறார்கள். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அரசர் டங்கனை, மனைவியின் தூண்டுதலோடு, தூக்கத்திலேயே மேக்பெத் கொன்று பட்டத்துக்கு வருகிறான். அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற ஆளனுப்பி பாங்க்வோவைக் கொல்கிறான், அப்புறம் தன்னை எதிர்க்கும் பிரபு மெக்டஃபின் மனைவி மக்களைக் கொல்கிறான். லேடி மேக்பெத் சித்தம் கலங்கிச் சாகிறாள். இங்கிலாந்துக்குத் தப்பியோடியிருந்த டங்கனின் மகன் மால்கம் படையோடு திரும்பி வர, மெக்டஃப் கையில் மேக்பெத் சாகிறான்.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. இரண்டு மூன்று மாலைகளில் படித்துவிடலாம். அடிக்குறிப்பு உள்ள பதிப்பாக எடுங்கள். முதல் வாசிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள், ஓட்டம் போய்விடும். இரண்டு நிறப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் 'இது தவறு' என்று உணரும் இடத்தில் ஒரு நிறம். அந்த உணர்வை ஒதுக்கித் தள்ளும் இடத்தில் இன்னொரு நிறம். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கட்டுரை தயார்.

படி 1: பின்னணியில் தேவையானதை மட்டும் எடுங்கள்

நாடகம் ஏறக்குறைய 1606-இல் எழுதப்பட்டது, 1623-இல்தான் அச்சானது. ஸ்காட்லாந்தின் அரசராக இருந்த ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். சூனியத்தைப் பற்றி 1597-இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். தன் வம்சம் பாங்க்வோவிடமிருந்து வந்தது என்பது அவர் தரப்பின் நம்பிக்கை. 1605 நவம்பரில் வெடிமருந்து வைத்து அரசரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கும் சதி பிடிபட்டது. அரசனைக் கொல்வது என்ற விஷயம் அப்போது லண்டனில் சுடச்சுட இருந்தது.

இதையெல்லாம் கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் எழுத வேண்டாம். அதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து எடுத்தார். அதில் டங்கன் ஆளத் தெரியாத மென்மையான அரசர். மேக்பெத்துக்குப் பட்டத்தில் ஓரளவு நியாயமான உரிமை இருந்தது. கொலையில் பாங்க்வோவும் கூட்டாளி. பட்டத்துக்கு வந்த மேக்பெத் பத்து ஆண்டுகள் நன்றாகவே ஆண்டான். நிஜ வரலாற்று மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவன், டங்கன் இறந்தது படுக்கையில் இல்லை, போரில்.

ஷேக்ஸ்பியர் செய்ததைப் பாருங்கள். டங்கனை வயதான, அன்பான, குறை சொல்ல முடியாத அரசராக்கினார். பத்தாண்டு நல்லாட்சியை அடியோடு வெட்டினார். பாங்க்வோவைச் சதியிலிருந்து விடுவித்தார். பாங்க்வோவை விடுவித்தது அரசர் ஜேம்ஸுக்காக என்று சொல்வார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லா மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் மேக்பெத்துக்குச் சாக்காக அமையக்கூடிய ஒவ்வொன்றும் பிடுங்கப்பட்டிருப்பது தெரியும். கொடுங்கோலனைக் கொன்றேன் என்று அவன் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு உரிமை இருந்தது என்றும் சொல்ல முடியாது.

படி 2: சூனியக்காரிகள் சொல்லாததைக் குறித்துக்கொள்ளுங்கள்

'விதி அவனை அப்படிச் செய்ய வைத்தது' என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் முதல் அங்கம், மூன்றாம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். சூனியக்காரிகள் மேக்பெத்தைப் பார்த்து அரசனாவாய் என்கிறார்கள். கொலை செய் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. கொலையின் படம் மேக்பெத்தின் தலைக்குள்தான் எழுகிறது, அதுவும் அவனுக்கே மயிர்க்கூச்செறிந்து நெஞ்சு விலாவில் மோதும் அளவுக்கு. அடுத்த நிமிடமே, விதி என்னை அரசனாக்குவதானால் நான் கையசைக்காமலே ஆக்கட்டும் என்றும் சொல்கிறான். சும்மா இருக்கும் வழி அவன் கண்ணில் படாமல் போகவில்லை.

அதே காட்சியின் தொடக்கத்தில் பலரும் தாண்டிப்போகும் ஒரு சின்னக் கதை உண்டு. கஷ்கொட்டை தர மறுத்த ஒரு மாலுமியின் மனைவியைப் பழிவாங்க, அலெப்போவுக்குப் போன அந்த மாலுமியை அலைக்கழிக்கப்போவதாக ஒரு சூனியக்காரி சொல்கிறாள். அவனைத் தூங்கவிடாமல் வாட்டுவாளாம், கப்பலைப் புயலில் ஆட்டுவாளாம், ஆனால் கப்பலை மூழ்கடிக்க அவளால் முடியாதாம். அவர்கள் சக்திக்கு எல்லை எங்கே என்று நாடகம் நமக்கு முன்கூட்டியே காட்டும் இடம் இது.

இன்னொரு பக்கம் பாங்க்வோ. அவனும் அதே குரல்களைக் கேட்டான், அவனுக்கும் ஆசை காட்டப்பட்டது. இருளின் ஏவலாட்கள் சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்மைப் பிடித்து, பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று அப்போதே எச்சரிக்கிறான். இருவர் எதிர்வினையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 3: முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் உட்காருங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதை விட்டாலும் இந்தக் காட்சியை விடாதீர்கள். நூறு வரிகூட இல்லை, நாடகம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

உள்ளே விருந்து நடக்கிறது. மேக்பெத் தனியே வெளியே வந்து பேசுகிறான். அந்தத் தனிமொழியில் அவன் சொல்லும் காரணங்களை எண்ணுங்கள். இந்த உலகத்திலேயே தண்டனை உண்டு, நாம் கற்றுக்கொடுத்த ரத்தப் பாடம் நம்மிடமே திரும்பி வரும். நான் டங்கனுக்கு உறவினன். அவருடைய குடிமகன். அவர் என் விருந்தாளி, கொலைகாரன் வராமல் கதவைச் சாத்த வேண்டியவன் நான், கத்தியை நானே எடுக்கலாமா? அவர் நல்ல அரசர், அவருடைய நற்குணங்கள் தேவதூதர்கள் போல் அவருக்காக வாதாடும். இத்தனைக்கும் எதிரில் என்னைத் தள்ளுவது ஒன்றே ஒன்று, பேராசை.

இதைவிடச் சுத்தமாக ஒரு நீதிபதியால்கூடத் தீர்ப்பு எழுத முடியாது. மனைவி வந்ததும், இந்த வேலை வேண்டாம், இதோடு நிறுத்துவோம் என்றே சொல்கிறான்.

இப்போது ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி கோடு போடுங்கள். இடப்பக்கம் மேக்பெத்தின் காரணங்கள். வலப்பக்கம், அவற்றுக்கு லேடி மேக்பெத் தரும் பதில்கள். நிரப்பிப் பாருங்கள், வலப்பக்கம் காலியாகவே இருக்கும். உறவைப் பற்றியோ விருந்தைப் பற்றியோ டங்கனின் நல்ல குணத்தைப் பற்றியோ அவள் பேசுவதே இல்லை. அவன் காரணங்களை அவளிடம் சொல்லவும் இல்லை. டங்கன் எனக்குச் சமீபத்தில் மரியாதை செய்தார், ஊரில் நல்ல பெயர் கிடைத்திருக்கிறது, அதை உடனே தூக்கி எறிய வேண்டுமா என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறான். உள்ளுக்குள் இருந்த பெரிய காரணம் வாய்க்கு வரும்போது சின்னதாகிவிட்டது. அவள் எடுத்துக்கொள்வது வேறு கேள்வி: நீ ஆம்பளையா? பால் கொடுத்த குழந்தையைக்கூட, சத்தியம் செய்திருந்தால் தரையில் மோதிக் கொன்றிருப்பேன் என்கிறாள். மனிதனுக்கு ஏற்றது எதையும் செய்யத் துணிவேன், அதற்கு மேல் துணிகிறவன் மனிதனே இல்லை என்று அவன் சொன்ன அருமையான பதில் காற்றோடு போகிறது.

அடுத்து அவன் கேட்பதுதான் முக்கியம். தோற்றுவிட்டால்? செய்யலாமா கூடாதா என்பது செய்ய முடியுமா முடியாதா என்று மாறிவிட்டது. காவலர் இருவருக்கும் மதுவை ஊற்றி மயக்கிப் பழியை அவர்கள் மேல் போடலாம் என்று அவள் திட்டம் சொன்னதும் ஒப்புக்கொள்கிறான். தீமை இந்த நாடகத்தில் ஜெயிப்பது இப்படித்தான். நல்லதின் வாதத்தை அது முறியடிக்கவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

படி 4: மூன்று கொலைகள், மூன்று அளவு யோசனை

ஒவ்வொரு கொலைக்கு முன்னும் மேக்பெத் எவ்வளவு யோசிக்கிறான் என்று அளந்து பாருங்கள்.

டங்கன் கொலைக்கு முன் மேலே பார்த்த தனிமொழி, அதற்குப் பிறகு காற்றில் மிதக்கும் கத்தியைப் பார்த்துப் பேசும் இன்னொரு தனிமொழி. கொலை முடிந்ததும் 'ஆமென்' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று புலம்புகிறான். தூக்கத்தையே கொன்றுவிட்டாய் என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான்.

பாங்க்வோவுக்கு முன் (மூன்றாம் அங்கம், முதல் காட்சி) ஒரு தனிமொழி இருக்கிறது, ஆனால் சுருதி வேறு. கொல்வது சரியா என்ற கேள்வி காணவில்லை. பாங்க்வோவின் பிள்ளைகளுக்காகவா என் ஆத்மாவைச் சைத்தானிடம் கொடுத்தேன் என்று கணக்குப் பார்க்கிறான். விற்றுவிட்டது தெரிகிறது, லாபம் வேறு ஒருவனுக்குப் போகிறதே என்பதுதான் எரிச்சல்.

மெக்டஃபின் குடும்பத்துக்கு முன் (நான்காம் அங்கம், முதல் காட்சி) சில வரிகள் மட்டும். இனி நெஞ்சில் முதலில் தோன்றுவதே கையின் முதல் வேலை என்று முடிவு செய்கிறான். யோசிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று யோசித்து எடுத்த முடிவு அது. அரசியல் ஆதாயம்கூட இல்லாத கொலை, பெண்ணும் குழந்தைகளும்தான் சாகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் அவனைத் தேடி வந்தார்கள். இங்கே அவன் அவர்களைத் தேடிப் போயிருக்கிறான்.

படி 5: லேடி மேக்பெத்தை நான்காவது சூனியக்காரி ஆக்காதீர்கள்

இந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் அவள் ஆவிகளை அழைத்து என்ன கேட்கிறாள்? என் பெண் தன்மையை எடுத்துவிடு, இரக்கம் உள்ளே வரும் வழியை அடைத்துவிடு என்கிறாள். இரக்கமே இல்லாதவளுக்கு அடைக்க வழி ஏது? கொலை இரவில், தூங்கும் டங்கன் என் அப்பாவின் சாயலில் இருந்திராவிட்டால் நானே செய்திருப்பேன் என்று அவள் வாயில் நழுவிவிடும் ஒரு வரி உண்டு. கட்டாயம் அடிக்கோடு போடுங்கள்.

தண்ணீரை வைத்துக் கணவன் மனைவி இருவரையும் ஒப்பிடலாம். கொலை முடிந்ததும் அவன், சமுத்திரம் முழுக்க இருந்தாலும் இந்த ரத்தம் கழுவப்படுமா என்கிறான். அவள், கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் தூக்கத்தில் நடந்தபடி இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருப்பது அவள், அரேபியாவின் அத்தர் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்று. அவனோ அப்போது பெண்கள் அலறும் சத்தத்துக்குக்கூடச் சிலிர்க்காதவனாக ஆகியிருக்கிறான். மனசாட்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம் மாறியது போல இருக்கிறது.

படி 6: நல்லவர்களையும் சும்மா விடாதீர்கள்

டங்கன் நல்லவர், ஆனால் மனிதர்களைப் படிக்கத் தெரியாதவர். துரோகம் செய்து மாட்டிய காடோர் பிரபுவைப் பற்றி, முகத்தைப் பார்த்து மனதை அறியும் கலை எதுவும் இல்லை என்கிறார். அந்த வாக்கியம் முடிந்த கையோடு மேக்பெத் உள்ளே வருகிறான். அவனைப் புகழ்ந்து நன்றி சொல்கிறார். நாடக மேடையில் இதைவிடக் கொடூரமான நகைச்சுவை குறைவு.

பாங்க்வோவுக்கு மேக்பெத் மேல் சந்தேகம் இருந்தது. நீ இதற்காக மோசமாக விளையாடியிருப்பாய் என்று பயப்படுகிறேன் என்று மூன்றாம் அங்கத்தில் தனியே சொல்கிறான். வெளியே சொல்லவில்லை. தன் பிள்ளைகளைப் பற்றிய வாக்கும் பலிக்கலாம் அல்லவா என்ற நினைப்பு அடுத்த வரியிலேயே வருகிறது. உங்கள் இரண்டாவது நிறப் பென்சில் இங்கேயும் வேலை செய்ய வேண்டும். மெக்டஃப் நாட்டைக் காப்பாற்ற இங்கிலாந்து போகிறான், குடும்பத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டு. எங்களை விட்டுவிட்டு ஏன் ஓடினார் என்று அவன் மனைவி கேட்கும் கேள்விக்கு நாடகத்தில் யாரிடமும் பதில் இல்லை. நான் ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று சொல்லிவிட்டு, தீங்கு செய்வதுதான் இந்த உலகத்தில் பல நேரம் பாராட்டப்படுகிறது, நல்லது செய்வது சில நேரம் ஆபத்தான முட்டாள்தனமாகிறது என்று அவளே திருத்திக்கொள்கிறாள்.

அவளை எச்சரிக்க ஓடி வரும் தூதுவன் ஒருவன் இருக்கிறான். பெயர் கிடையாது, நான் உங்களுக்குத் தெரிந்தவன் இல்லை என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். எந்த லாபமும் இல்லாமல், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே, சரியானதைச் செய்துவிட்டுப் போய்விடுகிறான். பாத்திரங்களின் பட்டியலில் நல்லவர் என்று ஒருவரைத் தயக்கமில்லாமல் எழுதச் சொன்னால் நான் இவனைத்தான் எழுதுவேன்.

நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சி நீளமானது, பலர் புரட்டிவிடுவார்கள். புரட்டாதீர்கள். மெக்டஃபைச் சோதிக்க மால்கம் தன்னைப் பற்றியே பொய் சொல்கிறான்: நான் காமுகன், பேராசைக்காரன், அரசனுக்கு வேண்டிய குணம் ஒன்றும் என்னிடம் இல்லை என்று. நீதி, வாய்மை, இரக்கம், பொறுமை என்று பன்னிரண்டு நற்குணங்களை வரிசையாகச் சொல்கிறான். நல்லதின் முழுப் பட்டியல் இந்த நாடகத்தில் வரும் இடமே ஒரு பொய்க்குள்தான். தேவதூதர்களில் மிகப் பிரகாசமானவனே விழுந்துவிட்டான், அதற்காக மற்ற தேவதூதர்கள் ஒளி இழந்துவிடவில்லை என்று மால்கம் சொல்வதும் இங்கேதான். காட்சியின் இறுதியில் குடும்பம் அழிந்த செய்தி வருகிறது. ஆண்மகனாகத் தாங்கிக்கொள் என்கிறான் மால்கம். அப்படியே செய்வேன், ஆனால் மனிதனாக அதை உணரவும் வேண்டும் என்கிறான் மெக்டஃப். படி 3-இல் லேடி மேக்பெத் கேட்ட 'நீ ஆம்பளையா'வுக்கான பதில் மூன்று அங்கங்கள் தாண்டி வேறொருவன் வாயில் வருகிறது. கட்டுரைக்கு இந்த இரண்டு இடங்களே போதுமான ஜோடி.

படி 7: ஒரு படிமத்தை மட்டும் பின்தொடருங்கள்

இருட்டு, ரத்தம், பறவை, பொருந்தாத உடை, தூக்கம் என்று பல இழைகள் நாடகம் முழுக்க ஓடுகின்றன. எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிற்காது. தொடக்கத்துக்குத் தூக்கம் நல்லது. மாலுமியைத் தூங்கவிடாத சூனியக்காரி, தூக்கத்தில் கொல்லப்படும் டங்கன், கல்லறையில் டங்கனாவது நன்றாகத் தூங்குகிறார் என்று பொறாமைப்படும் மேக்பெத், உனக்குத் தூக்கம்தான் இல்லை என்று அவனுக்கு வைத்தியம் சொல்லும் மனைவி, தூங்கியபடியே நடக்கும் அதே மனைவி. இதைக் கோத்தாலே இரண்டு பக்கம் வரும்.

இரண்டாம் அங்கத்தில் வரும் குடிகார வாயிற்காவலன் காட்சியை வேடிக்கை என்று தள்ள வேண்டாம். கோட்டைக் கதவு தட்டப்படும்போது தன்னை நரகத்தின் வாசல் காவலனாகக் கற்பனை செய்துகொள்கிறான். உள்ளே நடந்திருப்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சத்தியம் செய்து இரட்டை நாக்கால் பேசுகிறவன் ஒருவனை அவன் உள்ளே வரவேற்பது, வெடிமருந்துச் சதி வழக்கில் 1606-இல் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஹென்றி கார்னெட்டைக் குத்துவதாகக் கருதப்படுகிறது. சூனியக்காரிகளின் பேச்சும் அதே ரகம்தான். பெண்ணுக்குப் பிறந்தவன் எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்று நான்காம் அங்கத்தில் அவர்கள் எழுப்பிய உருவம் ஒன்று சொன்னது, மெக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன்.

எழுத உட்காரும்போது

கதைச் சுருக்கத்தில் தொடங்காதீர்கள், திருத்துகிறவருக்குக் கதை தெரியும். முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். 'மேக்பெத்தில் நன்மையும் தீமையும் மோதுகின்றன' என்பது நிலைப்பாடு ஆகாது, யாரும் மறுக்க மாட்டார்கள். 'மேக்பெத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் அறியாமை இல்லை' என்றால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும், கட்டுரை நகரும். மூன்று இடங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அங்கம், காட்சி எண் போடுங்கள்.

கடைசிப் பத்திக்கு ஒரு யோசனை. நாடக முடிவில் மால்கம் அவர்கள் இருவரையும் செத்துப்போன கசாப்புக்காரன், பேய் போன்ற அவன் ராணி என்று இரண்டே சொல்லில் அடக்குகிறான். மால்கம் சொல்வதற்கு நியாயம் உண்டு, அவன் அப்பாவைக் கொன்றவர்கள். ஆனால் அவன் நாம் கேட்ட தனிமொழிகளைக் கேட்டவன் இல்லை. மரியாதை, அன்பு, நண்பர் கூட்டம், முதுமைக்குத் துணையாக வர வேண்டிய எதுவும் இனி எனக்கு இல்லை என்று ஐந்தாம் அங்கத்தில் மேக்பெத் சொன்னதும் அவனுக்குத் தெரியாது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் போதுமானதா இல்லையா என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மார்க் உண்டு, காரணம் சொன்னால்.

இந்த முறை பழகிவிட்டால் அடுத்து 'ஒதெல்லோ'வை எடுங்கள். அதில் தீமை இயாகோ என்ற ஆள் வடிவில் வருகிறது. படி 3-இன் அதே இரண்டு பத்தி அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். பதவி உயர்வு கிடைக்கவில்லை, மனைவி மேல் சந்தேகம் என்று இயாகோ காரணங்களை அடுக்கிக்கொண்டே போவான், பத்தி நிரம்பி வழியும். அவற்றில் எதை நம்புவது என்பதுதான் அங்கே உங்கள் வேலை.